ஸ்பானிஷில் ‘இந்த’, ‘அந்த’: இரண்டு போதாமல் மூன்று ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. ‘எஸ்தே, எஸ்தா, எஸ்தோ, எஸே, எஸா, எஸோ, அக்கேல்’ என்று வரிசையாக வரும் சுட்டுச் சொற்கள் தலையைச் சுற்ற வைக்கின்றன. ‘எஸ்தோ லீப்ரோ எஸ் மீயோ’ (இந்தப் புத்தகம் என்னுடையது), ‘எஸ்தோ எஸ் மி எர்மானோ’ (இது என் தம்பி), ‘கியேன் தே தீஹோ எஸ்தோ?’ (உன்னிடம் யார் இதைச் சொன்னது?) என்று மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றிலும் ‘எஸ்தோ’வை அடித்துத் திருத்திவிட்டார் ஆசிரியர். தமிழில் மூன்றும் ‘இ’தானே, அப்புறம் எங்கே தப்பு?

நல்ல கேள்வி. மூன்று தப்பும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள்தான் ‘இந்த ஒன்று’ என்பதுபோல ‘எஸ்தே ஊனோ’ என்று தேவையில்லாமல் ஒரு ‘ஒன்று’ சேர்த்துச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் அப்படி யாரும் பேசுவதில்லை, ‘இது’ என்றால் முடிந்தது. ஸ்பானிஷிலும் அப்படியே, ‘எஸ்தே’ என்றால் போதும். நம்மிடம் இதைப் புரிந்துகொள்ளத் தேவையான சாமான் எல்லாம் இருக்கிறது. ஒரு பாதி பரணில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உச்சரிப்பை முடித்துவிட்டு உள்ளே போவோம். ‘எஸ்தே’ என்பதில் வருவது நம்முடைய ‘த’தான், ‘டே’ என்று சொல்லாதீர்கள். ‘எஸே’யில் இருப்பது காற்று மட்டும் வரும் ‘ஸ’, ரீங்காரம் கூடாது. ‘அக்கேல்’ என்று நான் இரட்டைக் ககரம் போட்டு எழுதுவது, ‘அகேல்’ என்று எழுதினால் நாம் ககரத்தை மெலித்து வாசித்துவிடுவோம் என்பதற்காக. அவர்கள் வாயில் அது ஒற்றைக் ககரம், ஆனால் வல்லோசை. அதன் பெண்பால் ‘அக்கேயா’. புவெனஸ் அயர்ஸ் பக்கம் போனால் அதுவே ‘அக்கேஷா’ ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

முதல் வாக்கியம்: ‘எஸ்தோ லீப்ரோ’.

தமிழில் ‘இந்த’ என்பதும் ‘இது’ என்பதும் வேறு வேறு வேலை செய்கின்றன. ‘இந்த’வுக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும்: இந்தச் சட்டை, இந்தப் பையன். ‘இது, இவன், இவள்’ எல்லாம் தனியாக நிற்கும். பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்பதைச் சுட்டுப் பெயரடை என்றும், பெயருக்குப் பதிலாகவே நிற்பதைச் சுட்டுப்பெயர் என்றும் வைத்துக்கொள்வோம். இன்னொன்றையும் கவனியுங்கள். ‘இந்த’ எதற்கும் மாறாது. இந்தப் பையன், இந்தப் பெண், இந்த மாடு, இந்த வீடுகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘இந்த’. மாறுவது தனியாக நிற்கும் சொல்தான்: இவன், இவள், இவர்கள், இது, இவை.

ஸ்பானிஷ்காரர்கள் இங்கே வேறு மாதிரி செய்கிறார்கள். அவர்களுக்கு ‘இந்த’ என்று மாறாத சொல் கிடையாது. பெயருக்கு முன்னால் வந்தாலும் தனியாக வந்தாலும் நம் ‘இவன்–இவள்’ மாதிரி பாலும் எண்ணும் காட்டித்தான் ஆக வேண்டும். ஆண்பால் ஒருமை ‘எஸ்தே’, பன்மை ‘எஸ்தோஸ்’. பெண்பால் ஒருமை ‘எஸ்தா’, பன்மை ‘எஸ்தாஸ்’. புத்தகம் (லீப்ரோ) ஆண்பால், அதனால் ‘எஸ்தே லீப்ரோ’. மேசை பெண்பால், ‘எஸ்தா மேஸா’. (மேஸாவைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாம் வாங்கிய அதே ‘மேசை’தான் அது.) விறைப்பாக மொழிபெயர்த்தால் ‘இவன் புத்தகம்’, ‘இவள் மேசை’ என்கிற மாதிரி. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் மனதில் நிற்கும்.

இதனால் ஒரு லாபம்: பெயரடை எது, சுட்டுப்பெயர் எது என்று பாடநூல் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயத்தில் உருவ வித்தியாசம் எதுவுமே இல்லை. ‘எஸ்தா கமீஸா’ என்றால் இந்தச் சட்டை. கமீஸாவைத் தூக்கிவிட்டு ‘எஸ்தா’ என்று மட்டும் சொன்னால் ‘இது’, அதாவது இந்தச் சட்டை. பின்னால் பெயர் இருந்தால் பெயரடை, இல்லாவிட்டால் சுட்டுப்பெயர். சொல் மறைந்துபோனாலும் அதன் பால் மறையாது, அதுதான் நினைவில் வைக்க வேண்டியது.

ஆண்பால் ஒருமை ‘ஓ’வில் முடியாமல் ‘ஏ’யில் முடிகிறது பாருங்கள், அதுதான் கண்ணி. லீப்ரோ ஓவில் முடிகிறது, பன்மையும் ‘எஸ்தோஸ்’ என்று வருகிறது, அப்படியானால் ஒருமை ‘எஸ்தோ’வாகத்தான் இருக்கும் என்று கை தானாக எழுதிவிடும். நானும் முதல் வருடம் முழுக்க எழுதியிருக்கிறேன். ‘எஸ்தோ’ என்று ஒரு சொல் நிஜமாகவே இருப்பதால், தப்பு செய்தது கண்ணில் படுவதும் இல்லை.

பெயரின் கடைசி எழுத்தை நம்பியும் போகாதீர்கள். ப்ரோப்லேமா (பிரச்சினை), மாப்பா (வரைபடம்), தியா (நாள்) மூன்றும் ‘ஆ’வில் முடியும் ஆண்பால்: எஸ்தே ப்ரோப்லேமா, எஸ்தே மாப்பா, எஸ்தே தியா. மானோ (கை) ‘ஓ’வில் முடியும் பெண்பால்: எஸ்தா மானோ. புதுப்பெயர் ஒன்றைப் படிக்கும்போதே சுட்டையும் சேர்த்துப் படித்துவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது வாக்கியம்: ‘எஸ்தோ எஸ் மி எர்மானோ’.

அப்படியென்றால் ‘எஸ்தோ’ என்பது என்ன? அதை ‘அஃறிணை’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். நாமும் உடனே ‘ஓ, நம்ம இது’ என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கேதான் தமிழர்கள் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் புத்தகம், மேசை, நாய், மழை எல்லாம் அஃறிணை, அதனால் எல்லாம் ‘இது’. ஸ்பானிஷில் புத்தகம் ஆண், மேசை பெண், நாய் ஆண், மழை பெண். எல்லாப் பெயரும் இந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்குக் குடிபோய்விட்டது. அஃறிணைப் பெயர்ச்சொல் என்று ஒன்றுகூட மிச்சம் இல்லை. பிறகு ‘எஸ்தோ’ யாருக்கு? பெயர் இன்னும் வைக்கப்படாததற்கு. என்னவென்று தெரியாத பொருள், ஒரு விஷயம், ஒரு நிலைமை, யாரோ சொன்ன முழுப் பேச்சு, இவற்றுக்கு மட்டும்.

இது புரிந்தால் மூன்று விதிகள் தாமாகவே வந்துவிடும். ‘எஸ்தோ’ எந்தப் பெயருக்கும் முன்னால் வராது, ஏனென்றால் அந்தப் பாலில் பெயரே இல்லை. அதற்குப் பன்மை கிடையாது, பெயர் தெரியாததை எப்படி எண்ணுவது? ‘எஸ்தோஸ்’ என்பது ‘எஸ்தே’யின் பன்மை, ‘எஸ்தோ’வின் பன்மை இல்லை. மூன்றாவதாக, பெயர் தெரிந்த நிமிடமே ‘எஸ்தோ’வுக்கு வேலை போய்விடும். கையில் ஏதோ ஒரு சாமானைத் தூக்கிக்காட்டி ‘கே எஸ் எஸ்தோ?’ (என்ன இது?) என்று கேட்கலாம். அது கித்தார் என்று தெரிந்த பிறகு, ‘இது என்னுடைய கித்தார்’ என்பதற்கு ‘எஸ்தா எஸ் மி கித்தார்ரா’. கித்தார் அங்கே பெண்பால்.

இப்போது உங்கள் தம்பி. நாம் ஆட்களை அறிமுகப்படுத்தும்போது கூசாமல் ‘இது’ போடுகிறோம்: இது என் தம்பி, இது எங்க அம்மா. அம்மாவைப் போய் அஃறிணையில் சொல்லலாமா என்று தமிழில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்பானிஷில் ‘எஸ்தோ எஸ் மி எர்மானோ’ என்றால் தம்பி ஏதோ இனம்தெரியாத வஸ்து மாதிரி ஆகிவிடுவான். ‘எஸ்தே எஸ் மி எர்மானோ’, ‘எஸ்தா எஸ் மி மாத்ரே’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இவன் என் தம்பி, இவங்க எங்க அம்மா’ என்று தமிழில் நினைத்துவிட்டுப் பேசினால் தவறாது.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்கு முன்னால் பெரிய விஷயத்தைப் பேசிவிட வேண்டும். ஸ்பானிஷில் சுட்டு மூன்று: எஸ்தே, எஸே, அக்கேல். இரண்டாவதன் குடும்பம் எஸே, எஸா, எஸோஸ், எஸாஸ், பெயரில்லாததற்கு எஸோ. மூன்றாவது அக்கேல், அக்கேயா, அக்கேயோஸ், அக்கேயாஸ், பெயரில்லாததற்கு அக்கேயோ. பாடநூல்கள் ‘பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ரொம்பத் தள்ளி’ என்று படம் போடும். அதைப் பார்த்தால் நமக்கு வரும் சந்தேகம்: கொஞ்சம் தள்ளி என்றால் எத்தனை அடி? ஆறு அடியா, பத்து அடியா?

அடிக்கணக்கு வேண்டாம். யார் பக்கம் என்று கேளுங்கள். என் பக்கம் இருந்தால் எஸ்தே. உன் பக்கம் இருந்தால் எஸே. நம் இரண்டு பேருக்கும் எட்டாதது அக்கேல்.

பரணில் கிடக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான். பள்ளிக்கூடத்தில் சுட்டெழுத்து எத்தனை என்று கேட்டால் மூன்று என்று எழுதியிருப்போம்: அ, இ, உ. தொல்காப்பியமும் நன்னூலும் மூன்று என்றே சொல்கின்றன. ‘உ’ இப்போது வழக்கில் இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். தமிழ்நாட்டில் இல்லை, சரி. யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. இலங்கைத் தமிழரோடு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்: உது, உவன், உவர், உந்த, உங்க, உப்பிடி எல்லாம் சாதாரணமாக வந்து விழும். ‘உது என்ன?’ என்றால் பெரும்பாலும் உன் கையில், உன் பக்கத்தில் இருப்பது. சில நேரம் இருவருக்கும் நடுவில் கண்ணில் படும் தூரம். ‘எஸே’யும் துல்லியமாக இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ஒரு வகுப்பில் நான் மூன்று நிறப் பென்சிலை மூன்று இடத்தில் வைத்து மாய்ந்து மாய்ந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ‘இது, உது, அது. உதுதானே சேர்?’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். எனக்கு அன்று வேலை மிச்சம்.

ஒரு செருப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். சப்பாத்து என்று இலங்கையில் சொல்வதும் ஸ்பானிஷ் ‘ஸப்பாத்தோ’வும் ஒரே ஊற்று, அதுவும் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததே. நீங்கள் உட்கார்ந்து ஒரு ஜோடியை மாட்டிப் பார்க்கிறீர்கள், கடிக்கிறது. ‘எஸ்தோஸ் மே அப்ரியேத்தான்’ என்கிறீர்கள், இது என்னை இறுக்குகிறது. (ஜோடி என்பதால் பன்மை.) எதிரே நிற்கும் கடைக்காரர் கையில் இன்னொரு ஜோடி இருக்கிறது. ‘ஈ எஸோஸ்?’ என்று கேட்கிறீர்கள், உங்க கையில் இருக்கிறதே, அது? அவர் அதே ஜோடியைத் தூக்கிக் காட்டி ‘எஸ்தோஸ்?’ என்று திருப்பிக் கேட்பார், இதுவா? அவருக்கு அது அவர் பக்கம், அதனால் ‘எஸ்தோஸ்’. நீங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வாசலோரம் இருப்பதைக் காட்டி ‘நோ, அக்கேயோஸ்’ என்கிறீர்கள். அது உங்களுக்கும் தூரம், அவருக்கும் தூரம். நடுவில் இருந்த ஜோடி ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் உங்கள் வாயில் ‘எஸோஸ்’, அவர் வாயில் ‘எஸ்தோஸ்’.

இதைவிட அழகான உதாரணம் மருத்துவரிடம் கிடைக்கும். வயிற்றில் ஓர் இடத்தை அமுக்கி ‘இங்கே வலிக்கிறதா?’ என்று கேட்கிறார்: ‘லே துவேலே அக்கீ?’ அது உங்கள் வயிறு. உங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் எதுவும் இருக்க முடியாது. ஆனாலும் ஸ்பானிஷ்காரர் சொல்லும் பதில் ‘ஸீ, அ-ஈ’. அ-ஈ என்பது எஸேயின் இடப்பெயர், ‘உங்க’ மாதிரி. விரல் அவருடையது, சுட்டியவர் அவர், அதனால் அந்த இடம் அந்தக் கணத்துக்கு அவர் பக்கம். தமிழ்நாட்டிலும் நாம் ‘ஆமா டாக்டர், அங்கதான்’ என்று சொல்கிறோம், யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஓம், உங்கதான்’.

தொலைபேசியில் இன்னும் தெளிவு. ‘அங்கே மழையா?’ என்று மறுமுனையில் இருப்பவரிடம் கேட்க ‘யுவேவே அ-ஈ?’ போதும். அவர் ஆயிரம் மைல் தள்ளி இருக்கலாம், ஆனால் அது அவர் இருக்கும் இடம். இதையே இலங்கைத் தமிழர் ‘உங்க மழையோ?’ என்பார். தமிழ்நாட்டுக்காரர் காதில் அது ‘உங்கள் மழையோ?’ என்று விழுந்து, என்ன இது, மழையில் பங்கு பிரிக்கிறார்களா என்று ஒரு நிமிடம் முழிப்பார். பழைய வியாபாரக் கடிதங்களில் ஸ்பானிஷ்காரர்கள் ஊர் பெயரைக்கூட எழுதாமல் ‘எஸா’ என்று மட்டும் எழுதுவார்கள். ‘நாளை எஸாவுக்கு வருகிறேன்’ என்றால் கடிதம் வாசிப்பவர் இருக்கும் ஊருக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். இருவரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஒரே திசையில் பார்த்தால் ‘என் பக்கம், உன் பக்கம்’ என்பது இல்லாமல் போகும். அப்போதுதான் பாடநூல் படம் உதவும்: கிட்ட இருப்பது எஸ்தே, சற்றுத் தள்ளி எஸே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் அக்கேல். எஸேக்கும் அக்கேலுக்கும் நடுவில் கறாரான கோடு எதுவும் கிடையாது. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் அன்றாடப் பேச்சில் எஸேயே அக்கேலின் வேலையையும் பார்த்துவிடும். அதனால் சந்தேகம் வந்தால் எஸே போடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சரி, இப்போது மூன்றாவது வாக்கியம்: ‘கியேன் தே தீஹோ எஸ்தோ?’ இலக்கணப்படி இது தப்பே இல்லை. ஆனால் நண்பர் ஒரு வதந்தியைச் சொல்கிறார், நீங்கள் ‘உனக்கு யார் இதைச் சொன்னது?’ என்று திருப்பிக் கேட்கிறீர்கள் என்றால், இயல்பாக வருவது ‘எஸோ’. காரணம், பேச்சுக்கும் பக்கம் உண்டு. வதந்தி அவர் வாயிலிருந்து வந்தது, அது அவர் பக்கம் இருக்கிறது. நான் இனிமேல் சொல்லப்போவது என் பக்கம்: ‘எஸ்குச்சா எஸ்தோ’, இதைக் கேள். நீ சொன்னது உன் பக்கம்: ‘எஸோ நோ எஸ் வெர்தாத்’, அது உண்மையில்லை. நாம் இருவரும் எப்போதோ பேசியது, இப்போது பெயர் சொல்லத் தேவையில்லாதது, அக்கேயோ: ‘தே அக்குவேர்தாஸ் தே அக்கேயோ?’ அந்த விஷயம் ஞாபகம் இருக்கா? இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் என்ன ரகசியமோ என்று காதைத் தீட்டுவார்.

இங்கேயும் யாழ்ப்பாணம் நம் அகராதி. ‘உதை ஆர் சொன்னது?’, ‘உதெல்லாம் பொய்’, ‘உந்தக் கதையை விடும்’. மூன்றிலும் ‘உ’ வருவது, எதிராளி சொன்ன பேச்சை அவர் பக்கமே வைத்துப் பேசுவதால்தான். ஸ்பானிஷில் இந்த மூன்றுக்கும் ‘எஸோ’, ‘எஸா’ அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டில் ‘அதெல்லாம் சும்மா’ என்று ‘அ’வை வைத்தே ஒப்பேற்றிக்கொள்கிறோம்.

எஸோவை வைத்துத் தினசரி புழங்கும் தொடர்கள் நிறைய. ‘போர் எஸோ’ என்றால் அதனால்தான். ‘எஸோ எஸ்’ என்றால் அதேதான், சரியாகச் சொன்னாய். ‘அ எஸோ தே லாஸ் ஸின்கோ’ என்றால் அஞ்சு மணி வாக்கில். ‘நாதா தே எஸோ’ என்றால் அதெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் தமிழில் ‘அ’ போட்டுத்தான் சொல்கிறோம் என்பதால் இவை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

காலத்துக்கும் இதே மூன்று படி. நான் நிற்கும் நாள், வாரம், வருடம் என்றால் எஸ்தே: ‘எஸ்தா நோச்சே’ இன்றிரவு, ‘எஸ்தே ஆஞ்ஞோ’ இந்த வருடம். கதை சொல்லிக்கொண்டு வருகையில் ‘அன்றிரவு’ என்றால் ‘எஸா நோச்சே’. தூரத்தில் போய்விட்ட, இனி திரும்பாத காலம் என்றால் அக்கேல். ‘அக்கேல் வெரானோ’ என்று ஒருவர் தொடங்கினால், வெறும் அந்தக் கோடை என்று மொழிபெயர்த்தால் சப்பென்று இருக்கும். ‘அந்தக் காலத்துக் கோடை’ என்கிற ஏக்கம் அதில் இருக்கிறது. பேச்சில் அக்கேல் குறைந்த ஊர்களில்கூட, பழைய நினைவைச் சொல்லும்போது அது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்பது தனிக் கதை, ஆர்வம் இருப்பவர்களுக்காக. லத்தீனிலும் மூன்று இருந்தன. என் பக்கம் ‘ஹிக்’, உன் பக்கம் ‘இஸ்தே’, தூரத்தில் ‘இல்லே’. ஹிக் மெல்லத் தேய்ந்து போனது. காலியான நாற்காலியில் பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்: ‘உன் பக்கம்’ என்றிருந்த இஸ்தே ‘என் பக்கம்’ ஆகி எஸ்தே ஆனது. இப்போது நடு நாற்காலி காலி. அதற்கு ‘தானே’ என்று பொருள்படும் ‘இப்ஸே’ வந்து எஸே ஆனது. தூரத்து இல்லே, ‘இதோ பார்’ என்கிற மாதிரி ஒரு முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு அக்கேல் ஆனது. அதே இல்லேதான் தேய்ந்து தேய்ந்து ‘எல், லா’ என்கிற பெயர்முன் சொற்களாகவும், ‘அவன், அவள்’ என்னும் ‘எல், எயா’வாகவும் ஆனது. செத்துப்போன ஹிக் முழுசாகச் சாகவில்லை, ‘ஓய்’ (இன்று), ‘அஓரா’ (இப்போது) என்னும் சொற்களுக்குள் உருத்தெரியாமல் ஒளிந்திருக்கிறது. ‘இந்த நாள்’, ‘இந்த மணி’ என்னும் லத்தீன் தொடர்கள்தான் அவை. மொழி ஒரு சுட்டை இழந்தால் நாம் செய்த மாதிரி இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம், அவர்கள் செய்த மாதிரி ஆள்மாற்றி நிரப்பவும் செய்யலாம்.

எழுத்தில் மட்டும் வரும் ஒரு பயன்பாடு உண்டு. இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு ‘முன்னது, பின்னது’ என்று எழுதுகிறோமே, அதற்கு அவர்கள் அக்கேலும் எஸ்தேயும் பயன்படுத்துவார்கள். கடைசியாகச் சொன்னது பக்கத்தில் இருப்பதால் எஸ்தே, முதலில் சொன்னது தள்ளிப் போய்விட்டதால் அக்கேல். ‘லீமாவும் குஸ்கோவும் பெரு நாட்டு நகரங்கள்: எஸ்தா எஸ்தா என் லா ஸியர்ரா, அக்கேயா என் லா கோஸ்தா.’ பின்னது மலையில், முன்னது கடலோரம். வரிசை தலைகீழாக இருப்பதால் அவசரத்தில் படித்தால் லீமாவை மலையில் ஏற்றிவிடுவோம்.

அந்த ‘எஸ்தா எஸ்தா’ அச்சுப்பிழை இல்லை. முதல் எஸ்தா ‘இது’, அழுத்தம் முதல் அசையில். இரண்டாவது ‘இருக்கிறது’ என்னும் வினை, அழுத்தம் கடைசி அசையில், எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு கட்டாயம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்தின் குறை.

சாய்கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய புத்தகங்களில் எஸ்தே, எஸே, அக்கேல் தனியாக நின்று சுட்டுப்பெயராக வந்தால் அவற்றின் மேலும் சாய்கோடு இருக்கும், பெயரடையாக வந்தால் இருக்காது. பழைய இலக்கணம் அப்படிக் கேட்டது. 1713-இல் தொடங்கிய ஸ்பானிய ராயல் அகாடமி, 1959 முதல் பொருள் குழம்பும் இடத்தில் மட்டும் போட்டால் போதும் என்று தளர்த்தியது. 2010-இல் வெளிவந்த எழுத்திலக்கண நூலில் அதுவும் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. பழக்கம் விடாத எழுத்தாளர்கள் இன்றும் போடுகிறார்கள். நீங்கள் போடாமலே எழுதுங்கள். எஸ்தோ, எஸோ, அக்கேயோ மூன்றுக்கும் எந்தக் காலத்திலும் சாய்கோடு கிடையாது, குழம்புவதற்கு அவற்றுக்குப் பெயரடை வடிவமே இல்லையே.

சுட்டு வழக்கமாகப் பெயருக்கு முன்னால் வரும். பின்னால் தள்ளினால் வாடை மாறிவிடும். ‘எஸே தீப்போ’ என்றால் அந்த ஆள். ‘எல் தீப்போ எஸே’ என்று பின்னால் போட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘அந்த ஆளு இருக்கானே’ என்பது போல. (அப்படிப் பின்னால் போடும்போது முன்னால் ‘எல்’ அல்லது ‘லா’ வர வேண்டும்.) அக்கேல் மட்டும் இதில் தப்பித்துக்கொள்கிறது: ‘லோஸ் ஆஞ்ஞோஸ் அக்கேயோஸ்’ என்றால் திட்டு எதுவும் இல்லை, அந்த வருடங்கள் என்கிற பெருமூச்சு மட்டும்தான். எதிரில் இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லாமல் வெறும் ‘எஸ்தே’, ‘எஸ்தா’ என்று குறிப்பிடுவதும் மரியாதை இல்லை. அறிமுகம் செய்யும்போது மட்டும் விதிவிலக்கு.

தண்ணீரில் ஒரு கண்ணி இருக்கிறது. அகுவா பெண்பால். ஆனால் ஒருமையில் ‘லா அகுவா’ என்று சொல்லமாட்டார்கள், இரண்டு ‘ஆ’ முட்டிக்கொள்ளும் என்று ‘எல் அகுவா’ என்பார்கள். உடனே நாம் அது ஆண்பால் என்று நினைத்து ‘எஸ்தே அகுவா’ போடுவோம். சரியானது ‘எஸ்தா அகுவா’. கழுகுக்கும் (ஆகிலா) வகுப்பறைக்கும் (அவுலா) இதே கதை. தாய்மொழிக்காரர்களே ‘எஸ்தே அகுவா’ என்று நிறையச் சொல்கிறார்கள் என்பதால், தேர்வில் தவிர வேறெங்கும் உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

இடப்பெயர்களையும் கையோடு சொல்லிவிடுகிறேன். எஸ்தேக்கு அக்கீ, எஸேக்கு அ-ஈ, அக்கேலுக்கு அய்யீ. இதைத் தவிர இன்னொரு ஜோடியும் உண்டு, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் அதுதான் அதிகம் காதில் விழும். ‘இங்கே’ என்பதற்கு ‘அக்கா’, ‘அங்கே’ என்பதற்கு ‘அய்யா’. விளையாட்டில்லை, அப்படியேதான் ஒலிக்கும், அழுத்தம் மட்டும் கடைசி அசையில். ஒரு குழந்தையைப் பார்த்து யாராவது ‘வேன் அக்கா’ என்றால் ‘இங்கே வா’ என்று அர்த்தம், அக்காவைத் தேடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மெக்சிகோ, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் யாராவது பேச்சின் நடுவில் நிறுத்தி ‘எஸ்தே...’ என்று இழுப்பார். நீங்கள் பின்னால் வரும் ஆண்பால் பெயருக்காகக் காத்திருப்பீர்கள், வராது. இன்னொரு முறை ‘எஸ்தே...’ என்பார். அப்போதும் வராது. நாம் ‘அது வந்து...’ என்று இழுக்கிறோமே, அதுதான். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.